பெடலைக் கவ்வும் ஷூ... வில்லியனூர் டூ பாகூர்!

செருப்பு எதுக்கு? கல்லும் முள்ளும் குத்தாம இருக்க! ஷூ எதுக்கு? கேம்பஸ் இன்டர்வியூவுக்கு! நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால், நடப்பதற்காகச் செய்யப்படாத ஷூக்கள் என்று தனியாக ஒரு குடும்பமே இருக்கிறது பாஸ். பனிச்சறுக்குப் பலகையில் மாட்டிக்கொள்ளும் பூட்ஸ், அடியில் சக்கரம் வைத்த ஸ்கேட்டிங் ஷூ, பந்தயப் படகுக்குள்ளேயே முடுக்கி வைத்திருக்கும் ஷூ, சைக்கிள் பெடலை 'டக்'கென்று கவ்விக்கொள்ளும் ஷூ... இவை எல்லாவற்றுக்கும் ஒரே வேலைதான். உங்கள் காலையும் கருவியையும் ஒன்றாக்கிவிடுவது!

இதில் கடைசி ஐட்டம் இப்போது நம்ம புதுச்சேரி ரோடுகளில் சகஜமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாருங்கள்... ஹெல்மெட், கண்ணாடி, ஒட்டிப்பிடித்த டி-ஷர்ட் என்று சர் சர்ரென்று கிளம்பும் சைக்கிள் கோஷ்டிகளில் பலர் காலில் இந்த ஷூதான். அப்படி ஒரு ஷூ வைத்திருக்கும் எங்கள் காலேஜ் சீனியர், கிளாஸ்மேட் ஒருவன், நான் என மூன்று பேர் கிளம்பினோம். திட்டம் சிம்பிள்: பீச் ரோடு, பாரதி பார்க் எல்லாம் எல்லோரும் பார்த்தாச்சு, கிராமத்துப் பக்கம் போவோம். புதுச்சேரி பகுதியில் மொத்தம் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள்... அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர். அதில் வில்லியனூரில் ஆரம்பித்துப் பாகூரில் முடிப்பதாக பிளான். 'கொம்யூன்' என்ற பெயரே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. அந்த ஷூவும் பாதி பிரெஞ்சுக்காரன்தான். அந்தக் கதை பின்னாடி வருது!

முட்டுக்கட்டை போடு!

ரெட்டியார்பாளையம், மூலக்குளம் தாண்டி, சுமார் 10 கிலோமீட்டரில் வில்லியனூர். நுழைந்ததுமே திருக்காமீஸ்வரர் கோயில் கோபுரம் கூப்பிடுகிறது. வைகாசியில் இங்கே நடக்கும் தேரோட்டத்துக்கு ஒரு ஸ்பெஷல் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைப்பாராம். அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார்.

தேரை இழுப்பதற்கு ஆயிரம் கை வரும். நிறுத்துவதற்கு? அதற்குத்தான் முட்டுக்கட்டை! சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து, சரியான நொடியில் கட்டையைச் சொருகும் ஆட்கள் இல்லாவிட்டால் தேர் எந்த வீட்டுத் திண்ணையில் ஏறும் என்று சொல்ல முடியாது. 'ஓட்டுறது பெருசில்ல, நிறுத்துறதுதான் பெருசு' என்பதை நம்ம ஊர் ஆட்கள் மெக்கானிக்கல் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த அரை மணி நேரத்தில் எங்கள் சீனியருக்கு ஒரு முட்டுக்கட்டை அவசரமாகத் தேவைப்பட்டது.

தொப்!

மார்க்கெட் தாண்டி ஒரு திருப்பம். எதிரே கரும்பு டிராக்டர். குறுக்கே நிதானமாக நடந்து வந்தது ஒரு பசுமாடு. நானும் நண்பனும் சடன் பிரேக் அடித்துக் காலை ஊன்றினோம். சீனியரும் பிரேக் அடித்தார். சைக்கிள் நின்றது. கால் மட்டும் வரவில்லை! குதிகாலை வெளிப்பக்கமாகத் திருகினார்... ம்ஹூம். இன்னொரு தடவை திருகுவதற்குள், வெட்டின வாழை மரம் மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். நல்லவேளை, டிராக்டர் இல்லாத பக்கம்! முழங்கையில் சிராய்ப்பு, முகத்தில் அசடு. டீக்கடையிலிருந்து ஓடி வந்து தூக்கிவிட்டவர் கேட்ட கேள்விதான் டாப்: "ஏம்பா, காலைக் கட்டிப் போட்டுக்கினா வண்டி ஓட்டுவீங்க?"

சிரிப்பாக இருந்தாலும் சரியான கேள்வி அல்லவா? எதற்குக் காலைக் கட்டிப் போட வேண்டும்? பக்கத்தில் இருந்த சைக்கிள் கடையில் வண்டியைச் சாய்த்து வைத்து ஷூவைக் கழற்றிப் பார்த்தோம்.

ஷூவுக்குள்ளே என்ன இருக்கு?

மேலே பார்த்தால் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூதான். மெல்லிய வலைத்துணி, வெல்க்ரோ பட்டை. விலை ஏறினால் லேஸுக்குப் பதில் திருகுற குமிழ் ஒன்று வரும். சமாச்சாரமே கீழே இருக்கிறது. சாதாரண ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினால் மடங்கும் இல்லையா... இது மடங்கவே மடங்காது. கண்ணாடி இழை கலந்த நைலான் அடித்தகடு. பந்தய வீரர்கள் போடுவதில் கார்பன் ஃபைபர்.

ஏன் இந்த விறைப்பு? கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ ஆள் எழுந்து நின்று ஒற்றைக் காலில் மிதித்தால் கிட்டத்தட்ட 600 நியூட்டன் விசை. அது மொத்தமும் இரண்டு விரல் அகலமே உள்ள ஒரு சின்ன உலோகத் துண்டு வழியாகத்தான் பெடலுக்குப் போகிறது. அடிப்பாகம் மெத்தென்று இருந்தால் அந்த இடத்தில் ஷூ வளையும், உள்ளங்கால் எரியும். விறைப்பாக இருந்தால் ஒரு பலகை மாதிரி அந்தப் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் 'பீம் பெண்டிங்' என்று நம்மைத் தூங்கவிடாமல் செய்த அதே கணக்குதான்!

அந்தச் சின்னத் துண்டுக்குப் பெயர் கிளீட். கட்டை விரலுக்குப் பின்னால் பாதம் புடைத்திருக்கும் இடம் இருக்கிறதே, அதற்கு நேர் கீழே இதை ஸ்க்ரூ போட்டு முடுக்குகிறார்கள். ஸ்க்ரூ ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கும். அவரவர் காலுக்கு ஏற்ப முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

இனி பெடல். முன்பக்கம் ஒரு கொக்கி, பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஒரு தாழ்ப்பாள். கிளீட்டின் மூக்கைக் கொக்கியில் சொருகி, மிதித்தால் தாழ்ப்பாள் பின்னால் நகர்ந்து திரும்ப வந்து 'டக்'! கால் மாட்டிக்கொண்டது. மேலே எவ்வளவு இழுத்தாலும் வராது. ஆனால், குதிகாலை வெளிப்பக்கம் திருகினால் கிளீட்டின் ஓரம் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்துவிடும். நேராக இழுத்தால் பூட்டு, திருகினால் சாவி. என்ன ஐடியா பாருங்கள்!

அப்புறம் சீனியருக்கு ஏன் திறக்கவில்லை? அந்த ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் பெடலில் ஒரு குட்டி ஸ்க்ரூ உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெடல். முன்பு வைத்திருந்தவர் பந்தயத்துக்காகக் கடைசி மட்டும் இறுக்கி வைத்திருக்கிறார். சீனியரும் அதைப் பார்க்காமல் அப்படியே மாட்டிவிட்டார். கடைக்கார அண்ணன் ஆலன் கீயை எடுத்து, திருகித் திருகித் தளர்த்தி, கையால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூட்டு வாங்குறப்ப நல்லா பூட்டுதான்னு எல்லாரும் பாக்குறாங்க தம்பி. தொறக்குதான்னு ஒருத்தனும் பாக்குறதில்ல."

பனிமலையிலிருந்து வந்த கொக்கி!

இந்த ஷூவின் பூர்வீகம் சைக்கிள் ரோடு அல்ல, பனிமலை. பனிச்சறுக்கில் பூட்ஸைப் பலகையோடு இறுக்கிக் கட்டினால்தான் வளைய முடியும். ஆனால், கவிழும்போது பலகை ஒரு பக்கம் திரும்ப, உடம்பு ஒரு பக்கம் திரும்ப, நடுவில் மாட்டிக்கொண்ட கால் எலும்பு முறியும். 'ஓட்டும்போது பிடி, விழும்போது விடு' என்று இரண்டையும் செய்கிற கொக்கி வேண்டும். அந்த வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் பிரான்ஸைச் சேர்ந்த ஜான் பெய்ல். நெவேர் என்ற ஊரில் 'லுக்' என்ற கம்பெனியைத் தொடங்கியவர்.

அதே 'லுக்' கம்பெனிதான் 1984-ல் அந்தக் கொக்கியை சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பந்தய வீரர்கள் என்ன செய்தார்கள்? பெடலில் ஒரு கம்பிக் கூண்டு, அதன் மேல் தோல் வார். ஓடும்போது கையால் வாரை இறுக்க வேண்டும். நிற்கும் முன் குனிந்து கையால் தளர்த்த வேண்டும். மறந்தால் எங்கள் சீனியர் கதிதான்! 1985-ல் பெர்னார்ட் இனோ இந்தப் புதுப் பெடலோடு டூர் டி பிரான்ஸை ஜெயித்தார். அது அவருக்கு ஐந்தாவது வெற்றி. அடுத்த வருஷம் அதே டீமின் கிரெக் லெமாண்ட். கூண்டும் வாரும் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன.

1990-ல் ஜப்பானின் ஷிமானோ, இரண்டு ஸ்க்ரூ போட்ட குட்டி கிளீட்டைக் கொண்டுவந்தது. இது ஷூவின் அடியில் ஒரு பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். தரையில் இறங்கினால் நடக்கலாம், கோயில் வாசல்வரை போகலாம். மூன்று ஸ்க்ரூ வகையோ வெளியே துருத்திக்கொண்டிருக்கும். போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து நடைதான். பாகூர் பக்கத்துக் களிமண் ஒருமுறை கிளீட்டுக்குள் புகுந்தால் அப்புறம் குச்சியை வைத்து நோண்ட வேண்டியதுதான். கிராமத்து ரோட்டுக்கு எது சரி என்று நான் வேறு சொல்லணுமா?

178 பேர் போட்ட ஓட்டு

சங்கராபரணி ஆற்றைத் தாண்டி மங்கலம் பக்கம் வந்து, கொஞ்சம் விலகிப் போனால் கீழூர். வில்லியனூர் கொம்யூனில் ஒரு சின்ன கிராமம். புதுச்சேரியின் தலையெழுத்தையே மாற்றிய ஊர் இதுதான் என்றால் நம்புவீர்களா? 1954 அக்டோபர் 18-ம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். அதே வருஷம் நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கை மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல். நினைவுத் தூணைச் சுற்றி அமைதியாக இருக்கிறது. ஹிஸ்டரி புத்தகத்தில் ஒரு வரியாகப் போகும் விஷயம், நேரில் நின்று பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று எண்ணி எண்ணி முடிவு செய்த இடமல்லவா!

தளை... விலங்கு!

ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் நோக்கி மிதித்தோம். இருபுறமும் நெல், கரும்பு, நடுநடுவே பனைவரிசை. இந்தப் பகுதியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஜிக்சா துண்டுகள் மாதிரி கோத்துக்கொண்டு கிடக்கின்றன. ரோட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. புதுச்சேரி மண்ணில் அனுமதி உண்டு.

அப்படித்தான் ஒரு பனந்தோப்பு ஓரத்தில் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தோம். இரண்டு பாதங்களையும் சேர்த்து ஒரு நார் வளையம். தளை என்கிறார்கள். மூன்று மாடி உயரத்துக்கு மேல்... அந்த வளையத்தை நம்பித்தான்! நான் சீனியரின் ஷூவைப் பார்த்தேன். சீனியர் அவர் காலைப் பார்த்தார். ரெண்டும் ஒரே விஷயம்தானே!

இதன் ஃபிசிக்ஸ் எளிமையானது. மரத்தைப் பாதங்கள் இரு பக்கமும் அணைத்திருக்க, உடம்பு எடை கீழே இழுக்கும்போது பாதங்கள் விலகப் பார்க்கும். வளையம் விலக விடாது. அதனால் பாதம் மரத்தை இன்னும் அழுத்தும். அழுத்தினால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் வழுக்காது. எடை கூடக் கூடப் பிடிப்பும் கூடும். ஒரு ஸ்க்ரூ கூட இல்லாத டிசைன்!

"இன்னும் இறுக்கமா கட்டினா சேஃப்டிதானே ஐயா?" என்று கேட்டோம். சிரித்தார். "இறுக்கமா கட்டினா தரைக்கு வந்ததும் கால உருவ முடியாது தம்பி. மேல ஏதாவது வண்டு கிண்டு தொரத்துனா வேகமா எறங்கவும் முடியாது. உருவ முடிஞ்சாதான் தளை. இல்லேன்னா அது வெலங்கு" என்றபடி, குனியாமல், ஒரு உதறலில் வளையத்திலிருந்து கால்களை எடுத்துக் காட்டினார். சீனியர் முகத்தைப் பார்க்கணுமே!

பந்தயப் படகிலும் இதே தத்துவம்தான். ஷூ படகோடு முடுக்கியிருக்கும். ஆனால், குதிகாலை ஒரு சின்னக் கயிற்றால் படகோடு கட்டி வைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்தால் பாதத்தோடு ஷூவின் குதிப்பகுதி மேலே வராது. கால் மட்டும் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். பனையேறியின் உதறலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்?

அண்ணா, ஸ்பீடா போகுமா?

பாகூர் வந்தாச்சு! புதுச்சேரியின் நெற்களஞ்சியம். 1752-ல் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்ட ஊர். சோழர் கால மூலநாதர் கோயில் ஒரு பக்கம், ஊசுடு ஏரிக்கு அடுத்தபடி இந்தப் பகுதியின் பெரிய ஏரி இன்னொரு பக்கம். இங்கே கிடைத்த பல்லவர் காலச் செப்பேடு ஒன்று, 9-ம் நூற்றாண்டிலேயே பாகூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்த கதையைச் சொல்கிறது. நமக்கெல்லாம் சீனியர் காலேஜ் இங்கேதான் இருந்திருக்கிறது மக்களே!

ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்ததும் நாலைந்து பொடியன்கள் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருவன் ஒன்பதாம் வகுப்பு. ஸ்கூலில் கொடுத்த சைக்கிள், ரப்பர் செருப்பு. குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவனாம். ஏரிக்கரையை அவன் சுற்றி வந்த வேகத்துக்கு எங்கள் மூவரில் யாரும் ஈடு கொடுக்க முடியாது. கண்ணெல்லாம் சீனியரின் ஷூ மேல். "அண்ணா, ரேஸ்ல சேரணும். இந்த ஷூ போட்டா ஸ்பீடா போகுமா?"

இதற்கு நேர்மையான பதில் என்ன? 'ஏறும் காலையும் மேலே இழுக்கலாம், அதனால் டபுள் பவர்' என்பதுதான் பலரும் அளந்துவிடும் கதை. ஆனால், பெடலில் விசை அளக்கும் கருவி பொருத்திப் பார்த்த ஆராய்ச்சிகள் வேறு மாதிரி சொல்கின்றன. சீராக ஓட்டும்போது பெரிய வீரர்கள்கூட ஏறும் காலால் பெரிதாக இழுப்பதில்லை. கீழே மிதிக்கும் கால்தான் அதையும் சேர்த்துத் தூக்குகிறது. அப்புறம் ஷூவால் என்ன லாபம்? கால் ஒரே இடத்தில் நிற்கும். பள்ளத்தில் குதித்தாலும், மழையில் நனைந்தாலும், கடைசி 200 மீட்டரில் வெறித்தனமாக மிதித்தாலும் வழுக்காது. பந்தயத்தில் அது பெரிய விஷயம். ஸ்கூலுக்குப் போக அல்ல.

ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. கிளீட் கொஞ்சம் கோணலாக இருந்தால், அந்தக் கோணலை உங்கள் முழங்கால் 4,800 தடவை வாங்கிக்கொள்ளும். செருப்புக் கால் தானாக நகர்ந்து சரிசெய்துகொள்ளும். பூட்டிய காலுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. இதனால்தான் கம்பெனிகளே கிளீட்டில் சில டிகிரி ஆடுவதற்கு இடம் விடுகின்றன. ஷிமானோவின் மூன்று ஸ்க்ரூ வகையில் சிவப்பு நிறம் ஆடவே ஆடாது, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி.

எங்கள் சீனியர் அந்தப் பையனிடம் உட்கார்ந்து பேசினார். "முதல்ல சீட்டு உயரத்தைச் சரி பண்ணு, பிரேக் கட்டையை மாத்து, ஹெல்மெட் வாங்கு. ஒரு வருஷம் நல்லா ஓட்டு. ரேஸ்ல சேர்ந்த அப்புறம் ஷூ. அதுக்கு முன்னாடி வேணாம்டா" என்றார். பையன் தலையாட்டினான். ஆனால், பார்வை மட்டும் ஷூவை விட்டு நகரவில்லை!

வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

* முதல் தடவை இரண்டு ஸ்க்ரூ வகையே போதும். நடக்கவும் முடியும்.

* ஷிமானோவில் எஸ்.ஹெச்.56 என்று ஒரு கிளீட் உண்டு. ஒரே திசையில் அல்ல, பல திசைகளில் இழுத்தாலும் விடும். புதியவர்களுக்கு ஏற்றது.

* ஸ்பிரிங்கை ரொம்பத் தளர்வாக வைத்துத் தொடங்குங்கள். பழகப் பழக இறுக்கலாம். செகண்ட் ஹேண்ட் என்றால் மறக்காமல் செக் பண்ணுங்கள்.

* சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டுவதும் கழற்றுவதுமாக ஐம்பது தடவை பழகிவிட்டு அப்புறம் ரோட்டுக்கு வாருங்கள்.

* நிற்கப் போகிறோம் என்று தோன்றியதுமே ஒரு காலைக் கழற்றிவிடுங்கள். மாடு ஹாரன் அடிக்காது!

* முழங்கால் வலித்தால் 'பழகிடும்' என்று விடாதீர்கள். கிளீட் கோணத்தைச் சரிபாருங்கள்.

* பெடலை மாற்றும்போது ஒரு விஷயம்: இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கத்துக்கு மாறாகத் திருகினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நிழல் நீண்டபோது பாகூரை விட்டுக் கிளம்பினோம். வழியில் எந்த ஊர் வந்தாலும், தெருமுனைக்கு ரொம்ப முன்னாடியே 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. சீனியர் காலை எடுத்து ரெடியாக வைத்துக்கொள்கிறாராம். காலையில் அந்தச் சத்தம் கேட்டபோது கால் மாட்டிக்கொள்ளும் சத்தமாக இருந்தது. சாயங்காலம் அது கால் விடுபடும் சத்தம். அதைக் கேட்கத்தான் நல்லா இருந்தது!